சாஞ்சோவின் நீளக் கால்கள்

சாஞ்சோ பான்சாவுக்குக் கால் நீளம். நான் சொல்லவில்லை, செர்வாண்டிஸ் சொல்கிறார்: முதல் பாகம், ஒன்பதாவது அத்தியாயம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, ‘டான் குயிக்ஸாட்’ நாவலின் முழு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது. வீரக்கதைகளைப் படித்துப் புத்தி பேதலித்து, தன்னை மாவீரன் என்று நினைத்துக் குதிரையேறிக் கிளம்பியவர் குயிக்ஸாட். அவர் பின்னால் போகும் பணியாள் சாஞ்சோ. அதுவரை எனக்குத் தெரிந்த சாஞ்சோ, உங்களுக்குத் தெரிந்த அதே சாஞ்சோதான். குள்ளம், தொந்தி, கழுதையின் மேல் ஏற்றிவைத்த நெல் மூட்டை. வரியை இரண்டாம் முறை படித்தேன். பெரிய வயிறு, குட்டையான உடம்பு, நீண்ட கால்கள். மூன்று அடையாளங்களில் முதல் இரண்டை ஓவியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்றாவது, நான் பார்த்த ஒரு படத்திலும் இல்லை.

(ஸ்பானியர்கள் ‘தோன் கிஹோத்தே’ என்பார்கள். எனக்கு ஆங்கிலம் வழியாக வந்த குயிக்ஸாட்தான் பழக்கம். இனிமேல் நாக்கைத் திருத்த முடியாது.)

அந்த வரி வரும் இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எட்டாவது அத்தியாயத்தின் முடிவில் குயிக்ஸாட்டும் பாஸ்க் தேசத்துக்காரன் ஒருவனும் வாளை ஓங்கியபடி எதிரெதிரே நிற்கிறார்கள். அங்கேயே கதை நின்றுவிடுகிறது. மேற்கொண்டு எழுதிய தாள் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் கையை விரித்துவிடுகிறார். சரியான இடத்தில் ‘தொடரும்’ போடுகிற வாரப் பத்திரிகைத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவர் செய்வது எந்தத் தொடர்கதை எழுத்தாளருக்கும் தோன்றாது. தொலேதோ நகரத்தின் கடைத்தெருவில் ஒரு பையன் பட்டு வியாபாரியிடம் பழைய நோட்டுகளையும் காகிதங்களையும் விற்க வருகிறான். தெருவில் கிடக்கும் காகிதத்தைக்கூட எடுத்துப் படிக்கும் பழக்கமுள்ள கதைசொல்லி ஒன்றைப் புரட்டுகிறார். அரபு எழுத்து. படிக்கத் தெரிந்த ஒரு மூர் இனத்தவரைப் பிடித்து வருகிறார். அந்த ஆள் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார். டுல்சினியா என்ற பெண்ணுக்குப் பன்றி இறைச்சிக்கு உப்புக் கண்டம் போடுவதில் லா மாஞ்சாவிலேயே இணை கிடையாது என்று அதில் எழுதியிருக்கிறது. குயிக்ஸாட்டின் காவிய நாயகியைப் பற்றி! கதைசொல்லி அரை ரெயால் கொடுத்து மொத்தக் காகிதத்தையும் வாங்கிவிடுகிறார். மொழிபெயர்க்கக் கூலி உலர்ந்த திராட்சையும் கோதுமையும்.

முதல் நோட்டில் ஒரு படம் இருக்கிறது. ஓங்கிய வாள்களோடு இருவரும் நிற்கும் அதே காட்சி. ஒருவர் கேடயத்தால் மறைத்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் தலையணையால். பாஸ்க்காரனின் கோவேறு கழுதை வாடகைக்கு எடுத்தது என்பது அம்பு எய்யும் தூரத்திலிருந்தே தெரிகிறதாம். அவ்வளவு தத்ரூபம். குயிக்ஸாட்டின் குதிரை ரோசினாந்தே நீண்டு, மெலிந்து, முதுகெலும்பு துருத்தி, சந்தேகத்துக்கு இடமில்லாத காசநோயாளியைப் போல நிற்கிறது. பக்கத்தில் கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி சாஞ்சோ. காலடியில் பெயர் எழுதியிருக்கிறது: சாஞ்சோ ஸாங்காஸ். ஸாங்காஸ் என்றால் நீண்ட கால்கள். பான்சா என்றால் தொந்தி. இந்த இரண்டு பெயர்களாலும் வரலாறு அவனைக் குறிப்பிடும் என்று ஆசிரியர் உறுதி கூறுகிறார்.

ஆக, இந்த நாவலின் முதல் சித்திரம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. வரைந்தவர் பெயர் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சாஞ்சோவின் உருவமே நமக்குச் சொல்லப்படுகிறது. அதன் பிறகு 126 அத்தியாயங்கள் முடியும்வரை (முதல் பாகத்தில் 52, இரண்டாம் பாகத்தில் 74) ‘ஸாங்காஸ்’ என்ற பெயர் திரும்ப வருவதே இல்லை. செர்வாண்டிஸ் மறந்துவிட்டார் என்பது என் கட்சி. சாஞ்சோவின் மனைவிக்கு ஓரிடத்தில் ஹுவானா, ஓரிடத்தில் மாரி, ஓரிடத்தில் தெரேசா என்று பெயர் வைத்தவர் அவர். திருட்டுப்போன கழுதை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்கிறது. எழுதியவரே மறந்த காலை ஓவியர்கள் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்? ‘எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. இங்கே முதல் குற்றவாளி எழுதியவன்தான்.

1605-இல் மாட்ரிட்டில் ஹுவான் தே லா குவெஸ்தா அச்சிட்ட முதல் பதிப்பில் கதைக்கான படம் ஒன்றுகூட இல்லை. தலைப்புப் பக்கத்தில் அச்சகத்தின் முத்திரை மட்டும். மூடி போட்ட பருந்து, கீழே படுத்திருக்கும் சிங்கம். தாளும் உசத்தி இல்லை. ஒரு தாளுக்கு மூன்றரை மராவேதி என்ற கணக்கில் 83 தாளுக்கு 290½ மராவேதி என்று விலையும் உள்ளே அச்சாகியிருந்தது. பைண்டு செய்யும் செலவு வாங்குகிறவருடையது.

படங்களைப் பற்றி செர்வாண்டிஸுக்கு ஒரு சொந்தக் குறையும் இருந்தது. 1613-இல் வெளிவந்த தன் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில், வழக்கம்போல முதல் பக்கத்தில் என் உருவத்தைச் செதுக்கிப் போட்டிருக்கலாம், ஓவியர் ஹுவான் தே ஹௌரெகி என் படத்தைக் கொடுத்திருப்பார் என்கிறார். அது நடக்கவில்லை, எனவே வாயால் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். கழுகு மூக்கு, இருபது வருடத்துக்கு முன் பொன்னாக இருந்த வெள்ளித் தாடி, பெரிய மீசை, சிறிய வாய். பற்கள் ஆறுதான், அவையும் மோசமான நிலையில், அதைவிட மோசமான இடத்தில், ஒன்றுக்கு எதிராக ஒன்று இல்லாமல். தன் முகத்தையே இப்படிக் கேலி செய்தவர், தான் படைத்த வீரனை மட்டும் விட்டுவைப்பாரா? ஆட்டு மந்தையோடு போரிட்டுக் கல்லடி வாங்கிய பிறகு குயிக்ஸாட் வாயைத் திறந்து, எத்தனை பல் போயிற்று என்று பார்க்கச் சொல்கிறார். சாஞ்சோ விரலை உள்ளே விட்டு எண்ணுகிறான். இந்தப் பக்கம் எத்தனை கடைவாய்ப்பல் இருந்தது, எஜமானே? நான்கு, ஐந்துகூட இருக்கலாம். கீழே இரண்டரை இருக்கிறது, மேலே அரையும் இல்லை.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரேயிடம் வர வேண்டும். வேறு வழியில்லை. இந்த நாவலின் சித்திரம் என்று யார் பேசினாலும் கடைசியில் தோரேயின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1657-இல் டோர்ட்ரெக்ட் நகரில் வந்த டச்சு மொழிபெயர்ப்பில் இருபத்துச் சொச்சம் செப்புத்தகட்டுப் படங்கள் இருந்தன. பின்னால் வந்த பலரும் அவற்றைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். 1738-இல் லண்டனில் கார்ட்டரெட் பிரபுவின் ஆதரவில், ஸ்பானிய மொழியிலேயே, நான்கு தொகுதிகளில் ஒரு ஆடம்பரப் பதிப்பு வந்தது. ஒரு கேலிக் கதைக்கு செவ்விலக்கியம் என்ற பட்டுச் சட்டை மாட்டிய முதல் பதிப்பு அதுதான். ஜான் வேண்டர்பேங்கின் படங்கள், செர்வாண்டிஸின் முதல் வாழ்க்கை வரலாறு, வில்லியம் கென்ட் வரைந்த செர்வாண்டிஸ் உருவம். நேரில் பார்த்து வரைந்த நம்பகமான உருவப்படம் கையில் இல்லாததால், மேலே சொன்ன அந்த ஆறு பல் முன்னுரையே கென்ட்டுக்கு ஆதாரம். கேலியில் கெட்டிக்காரரான ஹோகார்த்தும் இந்தப் பதிப்புக்காகச் சில படங்கள் செய்தார். அவை சேர்க்கப்படவில்லை. 1780-இல் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம், வெளிநாட்டான் செய்துவிட்டான், நாம் சும்மா இருப்பதா என்ற ரோஷத்தில் மாட்ரிட்டின் இபார்ரா அச்சகத்தில் தன் பதிப்பைக் கொண்டுவந்தது. அச்சுக்கலைஞர்கள் இன்றும் தொட்டுக் கும்பிடுகிற புத்தகம் அது. உடையும் ஆயுதமும் கதையின் காலத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது ஓவியர்களுக்கு இட்ட கட்டளை. இளம் கோயா வரைந்த ஒரு படமும் அந்தப் பதிப்பில் இடம்பெறவில்லை. ஹோகார்த்தையும் கோயாவையும் வெளியே நிறுத்திய கதவுகள்! இரண்டு பதிப்பிலும் படங்கள் அழகாகவே இருக்கின்றன. எனக்கு அவற்றைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது.

தோரே வேறு. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடை ஒன்றில், மேலட்டை போன ஒரு பெரிய படத்தொகுப்பாகத்தான் அவர் எனக்குக் கிடைத்தார். ஓரங்களில் கரையான் ருசி பார்த்திருந்தது. கடைக்காரர் எடையை வைத்துத்தான் விலை சொன்னார் என்று நினைக்கிறேன். முதல் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன். சாய்வு நாற்காலியில் ஒல்லி மனிதர் ஒருவர். ஒரு கையில் புத்தகம், மறு கையில் ஓங்கிய வாள், வாய் பிளந்திருக்கிறது. படித்துக்கொண்டிருப்பவர் படிக்கிறதையே உரக்கக் கத்தியும் விட்டார். புத்தகங்களுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அறைக்குள் இறங்கிவிட்டார்கள். வீரர்கள், சிறைப்பட்ட பெண்கள், தரையில் கிடக்கும் ஓர் அரக்கனின் தலை, எலியின் மேல் ஏறிச் சண்டைக்குப் போகும் விரலளவு வீரர்கள். அதிகமாகப் படித்துப் புத்தி பேதலித்த ஒருவனின் மண்டைக்குள் என்ன நடக்கும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டிவிட முடியாது. என் மண்டையையே யாரோ திறந்து காட்டியது போல இருந்தது. அன்றைக்கு வீட்டில் ஏற்கெனவே புத்தகம் வைக்க இடம் கிடையாது.

தோரேயின் பதிப்பு 1863-இல் பாரிஸில் ஹாஷெத் நிறுவனத்தின் வெளியீடாக, இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. ஏறத்தாழ 370 படங்கள். அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். அந்த ஆண்டுகளில் தாவிலியே பிரபுவோடு ஸ்பெயின் முழுக்கச் சுற்றியவர், கிதானோக்கள் எனப்படும் ஸ்பானிய நாடோடிகளையும் கழுதைக்காரர்களையும் சத்திரங்களையும் நேரில் பார்த்தவர். ஆனால் படத்தை அவர் மட்டும் செய்யவில்லை. மூலையில் உற்றுப் பார்த்தால் இரண்டு கையெழுத்து இருக்கும்: ஒன்று தோரே, இன்னொன்று பிசான். எலியோதோர் பிசான், செதுக்கியவர்.

இதை நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். என் பெரியப்பா எங்கள் ஊரில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகைக்கென்று ஒரே ஒரு பிள்ளையார் பிளாக். தும்பிக்கை நுனி தேய்ந்துபோய், ஊரில் ஒரு தலைமுறைத் திருமணங்கள் எல்லாம் மழுங்கிய தும்பிக்கையின் ஆசியோடுதான் நடந்தன. பிளாக்கும் ஈய எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை தாழ்ந்தால் மை ஏறாது. பெரியப்பா அடியில் சிகரெட் அட்டையைக் கிழித்து வைத்துத் தூக்குவார். “இடம் வலமாக இருக்கிறதா பார், அப்போதுதான் சரி” என்பார் என்னிடம். நேராகத் தெரிந்தால் தாளில் திரும்பிவிடும்.

பிசானின் மரக்கட்டையும் அதே சாதிதான். செப்புத்தகட்டில் மை பள்ளத்தில் தங்கும், அதற்குத் தனி அழுத்த எந்திரம் வேண்டும், எனவே படம் தனித்தாளில்தான் வரும். மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும். எழுத்தோடு எழுத்தாகப் பாரம் என்கிற அச்சுச் சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அடித்துவிடலாம். கதையின் நடுவே, வரிக்குப் பக்கத்தில், படம் வந்து உட்காரும் சுகம் இப்படித்தான் வந்தது. தோரேக்கு முன்னாலேயே 1836-37-இல் தோனி ஜொஹானோ எண்ணூறு குட்டிப் படங்களை இதே முறையில் பக்கமெங்கும் தூவியிருந்தார். கட்டைக்குப் பாக்ஸ் என்ற குறுமரம். நெடுக்கே அறுத்த பலகை ஆகாது. குறுக்கே வெட்டிய வட்டின் முகத்தில்தான் நுண்ணிய உளி எந்தத் திசையிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். மரம் தடிப்பதே இல்லை, ஆகவே முழுப்பக்கப் படத்துக்குச் சிறு துண்டுகளைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். வெள்ளை பூசிய அந்த முகத்தில் தோரே தூரிகையும் கரைத்த மையுமாக நேரடியாக வரைந்து தள்ளுவார், இடம் வலமாக. நாற்காலிக்காரரின் வாள் கட்டையில் வேறு கையில்தான் இருந்திருக்கும்.

இனி பிசானின் பாடு. கட்டையில் இருப்பது கோடு இல்லை, சாம்பல் கரைசல். அச்சுக்குச் சாம்பல் தெரியாது. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். ஒவ்வொரு சாம்பல் அழுத்தத்துக்கும் எத்தனை கோடு, எவ்வளவு நெருக்கம், எந்த வளைவு என்று செதுக்குகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். செதுக்கியது வெள்ளை, விட்டது கறுப்பு. பூதக்கண்ணாடி வைத்து ஒரு வானத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழே நூற்றுக்கணக்கான கிடைக்கோடுகள், அடிவானத்தை நெருங்க நெருங்க மெலிகின்றன. கை ஓரிடத்தில் தயங்கியிருந்தாலும் மேகம் கிழிந்திருக்கும். செதுக்கி முடிக்கும்போது தோரே வரைந்த படம் மரத்தூளாகப் போய்விடும். மிச்சம் இருப்பது பிசான் படித்த தோரே. செர்வாண்டிஸை ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தானே படிக்கிறோம், தோரேயையும் அப்படித்தான்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு புகாரையும் சொல்லிவிடுகிறேன். தோரேயின் குயிக்ஸாட் அளவுக்கு மீறி அழகு. மாலை வெளிச்சத்தில், வானத்துக்கு எதிரே, ஈட்டியும் மெலிந்த குதிரையுமாக அவர் போகும்போது எனக்குக் கண்ணீர் வருகிறது. 1605-இல் இந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பல் எண்ணுகிற சாஞ்சோவைத் தோரேயின் அந்த வானத்தின் கீழே என்னால் நிறுத்த முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு கோமாளியைத் தியாகியாக்கிக்கொண்டது. தோரே அதற்கு முகம் கொடுத்தார். நிலமும் அப்படித்தான். லா மாஞ்சா கண்ணுக்கெட்டியவரை சமவெளி, தோரேவோ வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் பாறையையும் பள்ளத்தாக்கையும் எழுப்பிவிடுகிறார். மீசையைக் கேட்கவே வேண்டாம். இரண்டாம் பாகம் பதினான்காம் அத்தியாயத்தில் குயிக்ஸாட்டின் அங்க அடையாளம் தெளிவாகவே இருக்கிறது: பெரிய, கறுத்த, தொங்கும் மீசை. சாஞ்சோவின் கால் போலவே இதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. முறுக்கிய மீசைதான் வீரனுக்குப் பொருந்துகிறது போலும்.

அரக்கன் என்று நினைத்துக் குயிக்ஸாட் மோதும் காற்றாலைக்கும் இப்படி ஒரு கதி. எட்டாம் அத்தியாயத்தில் ஓரிரு பக்கம், முடிந்தது. இறக்கை சுழல்கிறது, ஈட்டி நொறுங்குகிறது, குதிரையும் ஆளும் வயலில் உருள்கிறார்கள். பிறகு நூற்றுப் பதினெட்டு அத்தியாயம் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்காதவர்களுக்கும் காற்றாலை தெரியும் என்றால் அதற்குப் படம்தான் காரணம். தோரேயின் படத்தில் இறக்கை அவர்களை அந்தரத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போனால், இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. ஒரு சித்திரக்காரன் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதையும் துரோகமும் இதுதான்.

தோரேயின் காலத்திலேயே, அதே பாரிஸில், இன்னொருவர் குயிக்ஸாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒனோரே தோமியே. பத்திரிகைகளுக்காக நாலாயிரம் கல்லச்சுக் கேலிச்சித்திரங்கள் போட்டவர். அச்சுப் படமே அவருடைய சோறு. குயிக்ஸாட்டை மட்டும் எந்தப் புத்தகத்துக்காகவும் வரையவில்லை, எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்பத் தீட்டினார். ம்யூனிக்கில் இருக்கும் ஒரு படத்தில் குதிரைமேல் இருப்பவருக்கு முகமே இல்லை, வெறும் நீள்வட்டம். மூக்கு கழுகா, மீசை தொங்குகிறதா என்ற வம்பே எழாது. இந்த நாவலின் மிகச் சிறந்த சித்திரக்காரர் என்று நான் இவரைத்தான் சொல்வேன். புத்தகத்துக்குள் ஒரு பக்கம்கூட அவருக்கு இல்லை.

பிக்காஸோவின் குயிக்ஸாட் நீங்கள் பனியனிலும் தேநீர்க் கோப்பையிலும் பார்த்ததுதான். 1955 ஆகஸ்ட் மாதத்தில், முதல் பாகத்தின் 350-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகைக்காகக் கறுப்பு மையில் கிறுக்கியது. கிறுக்கல் என்பதை மரியாதையாகவே சொல்கிறேன். டாலி சில ஆண்டு கழித்து, மை நிரப்பிய குண்டுகளைப் பழைய துப்பாக்கியால் அச்சுக்கல்லின்மீது சுட்டுக் குயிக்ஸாட் செய்தார். அவரைப் பற்றி அவரே நிறையப் பேசியிருக்கிறார்.

எனக்கு அதைவிட ஆர்வமாக இருப்பது இரண்டாம் பாகத்தின் 71-ஆம் அத்தியாயம். வீட்டுக்குத் திரும்பும் வழியில், எல்லாம் தோற்ற நிலையில், இருவரும் ஒரு சத்திரத்தில் தங்குகிறார்கள். சுவரில் மலிவான சித்திரத் துணிகள். ஒன்றில் ஹெலனைக் கடத்திக்கொண்டு போகிறார்கள், அவள் முகத்திலோ கள்ளச் சிரிப்பு. இன்னொன்றில் காதலன் கைவிட்டுப் போன ராணி டீடோ அழுகிறாள், ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் அக்ரோட்டுக் கொட்டை அளவு. சாஞ்சோ பார்த்துவிட்டுச் சொல்கிறான்: கொஞ்ச காலத்தில் நம் கதை வரையப்படாத சத்திரமோ சாப்பாட்டுக்கடையோ சவரக்கடையோ இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். ஆனால் இவற்றை வரைந்தவனைவிட நல்ல கை வரைந்தால் தேவலை.

பந்தயத்தில் அவன்தான் ஜெயித்தான். சத்திரம் மட்டுமா, சார்ல் குவாபெல் பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்து கொடுத்த இருபத்தெட்டுக் காட்சிகள் கோப்லான் நெசவுக்கூடத்தில் திரைச்சீலைகளாகி அரண்மனைச் சுவர்களிலேயே தொங்கின. இன்றைய லா மாஞ்சாவிலும் சாப்பாட்டுக்கடைப் பலகையில் தொடங்கிப் பாலாடைக்கட்டி உறைவரை ஒல்லியும் குண்டுமாக இருவரும் நிற்கிறார்கள்.

குயிக்ஸாட் அதற்குச் சொல்லும் பதில் இன்னும் நன்றாக இருக்கும். நீ சொல்வது சரி, சாஞ்சோ, இந்த ஓவியன் உபேதா ஊர் ஓர்பனேஹாவைப் போன்றவன் என்கிறார். என்ன வரைகிறாய் என்று கேட்டால் ஓர்பனேஹா, “எது வருகிறதோ அது” என்பானாம். தற்செயலாகச் சேவல் வரைந்துவிட்டால் நரி என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று கீழே ‘இது சேவல்’ என்று எழுதிவிடுவானாம்.

போன வாரம் ஒரு மாலை, மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில், பென்சிலை எடுத்து மூல நூலுக்கு விசுவாசமான ஒரு சாஞ்சோவை நானே வரைந்து பார்த்தேன். வயிற்றைப் பெரிதாகப் போட்டேன், உடம்பைக் குறுக்கினேன், கால்களை நீட்டினேன். பக்கத்தில் கழுதை. ஏறி உட்காரவைத்தால் பாதம் தரையில் இழுபட்டது. கழுதையை உயர்த்தினேன், அது குதிரையாகிவிட்டது. இறக்கி நிற்கவைத்தேன். அப்போது ஒரு விஷயம் புரிந்தது: கால் நீண்டதும் அவன் எஜமானைவிட உயரமாகப் போய்விடுகிறான், குயிக்ஸாட்டைப் பக்கத்தில் நிறுத்த இடமே இல்லை. மூன்று நூற்றாண்டு ஓவியர்கள் முட்டாள்கள் அல்ல.

காபி கொண்டுவந்து வைத்த மனைவி ரசீதைத் திருப்பிப் பார்த்தாள்.

“யாருங்க இது, கொக்கா?”

பென்சிலை வாங்கிக் கீழே பெயரை எழுதினேன்.